குட்டு உடைந்தது எப்படி?



245 ரூபாய்! சீனாவிலிருந்து வந்த கொரோனா ரேபிட் டெஸ்ட் கிட் ஒன்று நம் நாட்டில் இறங்கியபோது அடக்க விலை இவ்வளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் கொடுக்கச் சம்மதித்த விலையோ 600. தமிழ்நாடும் அதே 600 ரூபாய்க்குத்தான் வாங்கியது. நடந்தது 2020 ஏப்ரலில். நாமெல்லாம் ஊரடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மாதம்.

இந்தக் கணக்கை வெளியே கொண்டுவந்தது யார்? தணிக்கை அதிகாரியா? இல்லை. சட்டமன்றமா? அது ஒத்திவைக்கப்பட்டுக் கிடந்தது. இறக்குமதி செய்தவருக்கும் விநியோகித்தவருக்கும் தகராறு வந்து, இருவரும் தில்லி உயர் நீதிமன்றப் படியேறினார்கள். அங்கே உடைந்தது குட்டு. அவர்கள் மட்டும் ஒற்றுமையாக இருந்திருந்தால், நாம் இன்றைக்கும் கைதட்டிக்கொண்டிருப்போம்!

வரி உட்பட 400 ரூபாய்க்கு மேல் விற்காதே என்றது நீதிமன்றம். சில நாளில் இன்னொரு கூத்து. கிட் காட்டும் முடிவை நம்ப முடியவில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவு. முன்பணம் தரவில்லை, ஒரு ரூபாயும் நஷ்டமில்லை என்றது மத்திய அரசு. சரி, மகிழ்ச்சி. கிட் ஒழுங்காக வேலை செய்திருந்தால் 600 ரூபாயையும் கேள்வி கேட்காமல் கொடுத்திருப்பீர்களே, ஐயா!

அவசரத்துக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். நம் தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமே, 16-ஆவது பிரிவில் பேரிடருக்கு விலக்கு தருகிறது. விலக்கு டெண்டருக்குத்தானே? விலையைச் சொல்வதற்குமா விலக்கு? அதே ஏப்ரலில் சத்தீஸ்கர் அரசு வேறொரு நிறுவனத்தின் கிட்டை, வரி நீங்கலாக, 337 ரூபாய்க்கு வாங்கியது. அமைச்சரே ட்விட்டரில் விலையை அறிவித்தார். அதைப் பார்த்த பிறகுதான் இங்கே கேள்வி சூடு பிடித்தது.

விலை தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த ஆண்டே சாட்சி இருக்கிறது. 2021 ஏப்ரலில் கோவிஷீல்டு தடுப்பூசி, மத்திய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 400 என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். ஊரே கொதித்தது. ஒரே வாரத்தில் 400 என்பது 300 ஆனது. ஜூனில் கொள்முதல் கொள்கையே மாறியது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் தீர்மானமாக முன்மொழிகிறேன்: 16-ஆவது பிரிவின்கீழ் டெண்டர் இல்லாமல் எதை வாங்கினாலும், யாரிடம், எத்தனை, என்ன விலை என்பதை ஒப்பந்தம் போட்ட வாரத்திலேயே அரசு இணையதளத்தில் வெளியிட வேண்டும். வழிமொழிபவர்கள் கை தூக்குங்கள்.