ஆறு மணிப் பொழுதின் அருமை



உடலைக் கீறாமல் உள்ளுறுப்பின் நிலையறிய மருத்துவர் கையாளும் வழிகளுள் ஒன்று, கதிரியக்கப் பொருளைக் குருதியிற் செலுத்தி, அது வெளிவிடும் கதிரைக் கருவியாற் படமாக்குவது. எப்பொருளைச் செலுத்துவது? எத்துணை செலுத்துவது? நோயாளியின் நலம் இவ்விரு வினாக்களின் விடையிலேயே உள்ளது.

ஒரே தனிமத்தின் அணுக்கள் எடையால் வேறுபடினும் தனிம வரிசையில் ஓரிடத்திலேயே அமர்வன. ஆதலின் அவை ஓரிடத்தான்கள். 1913-இல் ஆங்கில அறிவியலார் சாடி வழங்கிய கிரேக்கவழிப் பெயருக்கும் இதுவே பொருள். பொருளறிந்து பெயரிடின் தமிழ் எத்துணை எளிதாய் வந்து பொருந்துகின்றது, காண்மின்!

அயோடின்-131-ஐக் கழுத்திலுள்ள கேடயச் சுரப்பி தானே ஈர்த்துக்கொள்ளும். ஆயின் அதன் அரைவாழ்வு 8 நாள். படமெடுத்து முடிந்த பின்னும் கதிர்வீச்சு நீளும். அஃது உமிழும் பீட்டாத் துகள்களோ உடலுக்குள்ளேயே தங்கி உயிரணுக்களை ஊறுபடுத்தும். படத்திற்குச் சிறிதும் பயன்படா. அச்சுரப்பியின் புற்றை அழிக்குங்கால் அக்குறையே நிறையாகும். வெறும் படத்திற்கு அதனைத் தேர்வது முறையன்று.

1938-இல் சீபார்க்கும் செக்ரேயும் கண்ட டெக்னீசியம்-99எம் இக்குறைகள் நீங்கியது. அரைவாழ்வு 6 மணிநேரம். அதன் காமாக் கதிரின் ஆற்றல் 140 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டு. உடலைக் கடந்து வெளிவரவும் போதும், கருவியில் அகப்படவும் ஏற்கும்.

ஆறு மணியிற் பாதியாகும் பொருளைத் தொலைவிலிருந்து கொணர்வது எங்ஙனம்? அமெரிக்காவின் புரூக்கேவன் ஆய்வகத்தார் 1950-களின் இறுதியில் வழி கண்டனர். டெக்னீசியத்தின் தாய், 66 மணிநேர அரைவாழ்வுடைய மாலிப்டினம்-99. தாயை அலுமினா நிரப்பிய குழாயிற் பிணித்து அனுப்புவர். மருத்துவமனையில் உப்புநீரைச் செலுத்தினால் சேய் மட்டும் கரைந்து வரும். மறுநாள் மீண்டும் ஊறியிருக்கும். இக்கலத்தைக் கறவைமாடு என்றே விளையாட்டாய் அழைப்பர்.

கறந்ததை அளவாது செலுத்தலாகாது. பிற்பகல் 2 மணிக்கு 800 மெகாபெக்கரல் வேண்டின், காலை 8 மணிக்கு அதற்கென 1600 எடுத்து வைத்தல் வேண்டும். தாய்ப்பொருள் தவறிக் கலந்ததா என்பதும் நோக்கற்குரியது. மருந்துப் புட்டிலை ஈயக் கூட்டிலிட்டு அளப்பர். டெக்னீசியக் கதிரை ஈயம் தடுத்துவிடும். மாலிப்டினத்தின் வலிய கதிரோ ஊடுருவித் தன்னைக் காட்டிக்கொடுக்கும்! ஒரு மெகாபெக்கரல் டெக்னீசியத்திற்கு 0.15 கிலோபெக்கரலுக்கு மேல் மாலிப்டினம் இருப்பின் நோயாளிக்குச் செலுத்தலாகாதென்பது அமெரிக்க விதி.

இத்துணைச் சீர்மையிலும் ஓர் இடர் உண்டு. விரைந்து தேயும் தாயைச் சேமித்து வைத்தல் இயலாது. 2009 மே மாதம் கனடாவின் சாக்கு ரிவர் அணு உலையில் கனநீர் கசிந்தது, உலை நின்றது. 2010 ஆகத்து வரை அது மீளவில்லை. பல நாட்டு மருத்துவமனைகளில் படமெடுப்புகள் தள்ளிப்போயின. நெஞ்சாங்குலையை ஆய்வதற்குச் சிலர் பழைய தாலியம்-201-ஐ நாடினர். அதன் அரைவாழ்வு 73 மணிநேரம். அவ்வுலை 2018 மார்ச்சில் நிலையாக மூடப்பெற்றது.