ராத்திரி டிக்கெட் வாங்கலாமா?

குறுவை அறுத்த காசு கைக்கு வந்ததும், "புத்தாண்டு ராத்திரிக்குச் சென்னை தீம் பார்க் போவோம், ஸ்பெஷல் டிக்கெட் எடுப்போம்" என்று சில குழுக்களில் பேச்சு வருகிறது. பொம்பளைக்கு எதுக்கு ஊர் சுத்தல் என்பவர்களுக்கு நாம் காது கொடுக்க வேண்டாம். ஆனால் கணக்குப் பார்க்கணும்.

அமெரிக்காவில் புளோரிடா டிஸ்னி பூங்காவில் 1995-ல் ஹாலோவீன் ராத்திரி விழா தொடங்கியது. பகல் டிக்கெட் இருந்தாலும் அதுக்குத் தனிக் காசு. 2023-ல் ஆளுக்கு 109 முதல் 199 டாலர்! டிக்கெட்டை அளவோடு விற்பதால் ராட்டினத்துக்கு வரிசை குறையும் என்பதுதான் அங்கே லாபம். நம்ம பக்கத்துப் புத்தாண்டு ராத்திரியில் பாட்டும் ஆட்டமும்தான் பிரதானம், கூட்டமும் நெருக்கும். எத்தனை ராட்டினம் ஓடும், சாப்பாடு சேர்த்தியா என்று கேட்டுக்கிட்டு அப்புறம் பணம் கட்டுங்க. தண்ணீர் விளையாட்டுக்குச் சேலையோடு பொதுவாக விட மாட்டாங்க. நைலான் உடுப்பு வாடகை தனி. தஞ்சாவூரிலிருந்து சுமார் 340 கிலோமீட்டர், வேன் வாடகையும் இருக்கு.

எங்கள் கணக்கில் பகல் டிக்கெட்டே போதும். சங்கக் கடனில் போகவே வேண்டாம். நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டின்னாலும், 3,000 ரூபாயைப் பத்து மாசம் கழிச்சு மொத்தமாக் கட்டினால் 3,300. அதுக்குப் பதில் மாசம் நூறு ரூபாய் தனியாச் சேர்த்து, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிடுங்க.