பழகுநர் பலகை



மகனுக்குப் பதினெட்டு நிறையும் முன்பே வண்டிச் சாவியைக் கொடுத்துவிடும் தந்தையர் இன்று ஊருக்கு ஊர் உளர். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், "பையன் நன்றாகவே ஓட்டுகிறான் ஐயா, லைசென்ஸ் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்" என்று பள்ளி வாயிலிலேயே என்னிடம் வாதாடியவர்கள் பலர். ஓட்டத் தெரிவதுதான் திறமை, உரிமம் வெறுங் காகிதம் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணத்தைப் பற்றியே சிறிது பேச விரும்புகிறேன்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். கியரில்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் உரிமம் உண்டு. ஆனால் நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களோ பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை, ஆகவே அச்சலுகை ஏட்டளவில்தான். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், உரிமமற்ற சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர்க்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கிறது. அச்சிறுவனுக்கு 25 வயது வரை உரிமமும் கிடையாது. இதைச் சொல்லி அச்சுறுத்துவது என் நோக்கமன்று. பிரம்பால் எந்தப் பாடமும் ஏறாது என்பதை வகுப்பறையில் நெடுநாள் கண்டவன் நான்.

நான் சொல்ல வந்தது எல்.எல்.ஆர். என்று மக்கள் வழங்கும் பழகுநர் உரிமத்தைப் பற்றி. சாலைக் குறிகளையும் விதிகளையும் பற்றிய கேள்விகளுக்குக் கணினியில் விடையளித்து அதைப் பெறுகிறோம். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வுக்குப் போகலாம். வண்டியில் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். காரானால், உரிமம் உடையவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருக்க வேண்டும். நம்மவரோ இந்த 30 நாளைப் பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் நாட்காட்டியில் எண்ணிக் கழித்துவிடுகின்றனர். படிக்கவேண்டிய காலமே அதுதான்.

நான் கார் பழகியது 61-ஆம் வயதில். என் மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இருமுறை டயாலிசிஸுக்காக நகரத்துக்குப் போகவேண்டும். சிகிச்சை முடிந்து துவண்டிருப்பவளை மாலைப் பேருந்தின் நெரிசலில் நிற்கவைக்க மனம் ஒப்பவில்லை. நாற்பதைக் கடந்தவர்க்கு வேண்டிய மருத்துவர் சான்றிதழைப் பெற்று, என் மகன் வயதுடைய பயிற்சியாளர் ஒருவரிடம் மாணவனானேன்.

எங்கள் ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கையில் அது பின்னோக்கி உருளும். கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு, கிளட்சை மெல்லத் தளர்த்தி, என்ஜின் இழுக்கத் தொடங்கும் அதிர்வைக் காலில் உணர்ந்த பின்னரே பிரேக்கை விட வேண்டும். சொல்ல அரை நிமிடம் போதும். என் கால் அதைக் கற்க ஒன்பது நாள் பிடித்தது. உடன் பழகிய கல்லூரி மாணவன் ஒரே காலையில் கற்றுவிட்டான். எனக்குப் பொறாமைதான்! ஆயினும், நின்ற பேருந்தின் முன்புறமிருந்து யாரேனும் குறுக்கே வரக்கூடும் என்று வேகத்தைத் தணிப்பதிலும், எதிர்வண்டியின் விளக்கொளி கண்ணில் பட்டதும் சாலையின் இடவிளிம்பைப் பார்த்துச் செல்வதிலும் அவன் என்னைவிட விரைவாகத் தேறவில்லை. அவை மழையிலும் இருளிலும் சந்தை நாளிலும் ஓட்டி ஓட்டி வருபவை. இருசக்கர வண்டித் தேர்வில் எட்டு போடச் சொல்வது நல்லதே. மெதுவாகச் செல்கையில் வண்டியைச் சாயாது நிறுத்த அது கற்பிக்கும். ஆனால் அத்திடலில் எதிரே வருபவர் எவருமில்லை.

முப்பதாம் நாளிலேயே தேர்வுக்குப் போகலாம் என்றார் பயிற்சியாளர். நான் நான்கு மாதம் கழித்தே போனேன். நான் ஏற்றிச்செல்லப்போவது யாரை என்பது எனக்குத் தெரியுமல்லவா? 55 வயதைக் கடந்தவனாதலால் என் உரிமம் ஐந்தாண்டுக்கே செல்லும், அதுவும் நியாயமே.

எங்கள் தெருவில் ஒரு தந்தை, மகனுக்குப் பதினெட்டு நிறைந்ததும் எல்.எல்.ஆர். எடுத்துக் கொடுத்து, ஞாயிறுதோறும் காரில் அவன் அருகே அமர்ந்து செல்கிறார். முதலில் பையன் சலித்துக்கொண்டான். ஐந்தாம் மாதம், தேர்வுக்கு நாள் குறிக்கலாமா என்று தந்தை கேட்டபோது, "இராத்திரியில் இன்னும் நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் அப்பா" என்றானாம்.