ஹாபி டிரோனை வெளிநாட்டுக்கு அனுப்பணுமா? முதல்ல இதைக் கேளுங்க

இன்னைக்கு எபிசோடு ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்குது.

போன வருஷம் என் ரூம்மேட் ஒரு டிரோன் அசெம்பிள் பண்ணான். ஃபிரேம், மோட்டார், ஃப்ளைட் கன்ட்ரோலர், கேமரா எல்லாம் தனித்தனியா வாங்கி, ராத்திரி முழிச்சிருந்து சால்டர் பண்ணின 5 இன்ச் எஃப்பிவி டிரோன். அது பறக்கிற வீடியோவைப் போட்டதும் வெளிநாட்டிலிருந்து ஒருத்தர் மெசேஜ் பண்ணார்: "இதே மாதிரி நாலு வேணும், விலை சொல்லுங்க." பையனுக்குத் தலைகால் புரியலை. முதல் டிரோனைப் பெட்டியில வெச்சு எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கூரியர் ஆபீஸ் போனோம்.

லித்தியம் பேட்டரி பிரச்சினை ஆகும்னு தெரியும். அதனால அதைக் கழட்டி வீட்டிலேயே வெச்சுட்டோம். ஆனா கவுன்டர்ல இருந்த அண்ணன் கேட்டது வேற: "தம்பி, ஸ்கோமெட் பேப்பர் இருக்கா?"

"அண்ணா, இது ஹாபி டிரோன். விளையாட்டு சாமான்."

"நீங்க என்ன பேர் வெச்சாலும் கஸ்டம்ஸுக்கு டிரோன் டிரோன்தான்"னு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

செம கடுப்பு. ஆனா அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சப்போதான் அவர் எங்களைக் காப்பாத்தியிருக்கார்னு புரிஞ்சது.

ஸ்கோமெட்னா ஸ்பெஷல் கெமிக்கல்ஸ், ஆர்கானிசம்ஸ், மெட்டீரியல்ஸ், எக்விப்மென்ட் அண்ட் டெக்னாலஜிஸ். சாதாரண வேலைக்கும் பயன்படும், ராணுவ வேலைக்கும் பயன்படும்ங்கிற மாதிரிப் பொருள்களோட பட்டியல். மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ இருக்கிற டிஜிஎஃப்டி இதைப் பராமரிக்குது. ஆளில்லா விமானங்கள் இந்தப் பட்டியல்ல 5பி பிரிவில் வருது.

2023 ஜூன் வரைக்கும் நிலைமை ரொம்பக் கஷ்டம். சின்ன டிரோனா இருந்தாலும் ஒவ்வொரு ஏற்றுமதிக்கும் தனித்தனியா லைசன்ஸ் கேட்கணும். பல அமைச்சகங்கள் சேர்ந்த குழு அதைப் பரிசீலிக்கும். கல்யாண வீடியோ எடுக்கிற டிரோனுக்கும் அதே வரிசைதான். 2023 ஜூன் 23-ம் தேதி டிஜிஎஃப்டி இதைத் தளர்த்தி, டிரோன்களுக்குன்னு ஒரு பொது அனுமதி கொண்டு வந்தாங்க. சுருக்கமா ஜிஏஈடி. ஒரு தடவை வாங்கினா 3 வருஷம் செல்லும். அதுக்குள்ள அதே மாதிரி டிரோன்களை அனுப்ப ஒவ்வொரு தடவையும் லைசன்ஸ் கேட்க வேண்டாம். ஆனா அனுப்பின பிறகு கணக்கு காட்டணும்.

யாருக்குப் பொருந்தும்? டிரோன் பறக்கக்கூடிய தூரம் 25 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும். தூக்கிட்டுப் போற எடை 25 கிலோவுக்குள்ள இருக்கணும். ஸ்கோமெட்ல தனியா குறிப்பிட்டிருக்கிற சில வகைகள்ல அது வரக்கூடாது. பயன்பாடு சிவிலியன் பயன்பாடா மட்டும்தான் இருக்கணும்.

ரூம்மேட்டோட டிரோன் சில கிலோமீட்டர்தான் போகும், அரை கிலோ தூக்கினாலே பெரிய விஷயம். "அப்போ நாம பாஸ்"னு அவன் குதிச்சான். நானும் அப்படித்தான் நினைச்சேன். தூரம், எடை ரெண்டும் ஸ்பெக் ஷீட்லயே இருக்கு. ஆனா கடைசி நிபந்தனை எந்த ஸ்பெக் ஷீட்லயும் இருக்காது. அது வாங்கறவரோட கையில இருக்கு.

1987-ல ஏவுகணைத் தொழில்நுட்பத்தைக் கட்டுப்படுத்த எம்டிசிஆர்னு ஒரு ஏற்பாட்டை சில நாடுகள் உருவாக்கினாங்க. இந்தியா 2016-ல சேர்ந்தது. அங்க முக்கியமான அளவுகோல் 300 கிலோமீட்டர் தூரம், 500 கிலோ எடை. அதாவது பெரிய பொருள்தான் ஆபத்துன்னு ஒரு கணக்கு. உக்ரைன் போர் அந்தக் கணக்கை மாத்திடுச்சு. எங்க ரூம்ல சால்டர் பண்ணின அதே வகை எஃப்பிவி டிரோன்ல வெடிபொருளைக் கட்டி டாங்கி மேல மோத விடறாங்க. 2022 ஏப்ரல்ல டிஜேஐ கம்பெனி ரஷ்யா, உக்ரைன் ரெண்டு நாட்டிலயும் விற்பனையை நிறுத்தி வெச்சது. 2023 செப்டம்பர் 1-லிருந்து சீனாவும் சில டிரோன்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

இப்போ எங்களுக்கு வந்த மெசேஜைத் திரும்பப் பாருங்க. "நாலு வேணும், விலை சொல்லுங்க." பேர் இல்லை, கம்பெனி இல்லை, எதுக்குன்னு இல்லை. நாங்களும் கேட்கலை. விலையை மட்டும்தான் யோசிச்சோம்.

அவருக்கு மெசேஜ் போட்டோம்: "யார் பயன்படுத்தப் போறாங்க? எதுக்கு? எழுத்துல கொடுக்க முடியுமா?" ப்ளூ டிக் வந்துச்சு. பதில் வரலை. அவர் தப்பான ஆள்னு நான் சொல்ல மாட்டேன். ஒருவேளை வேற எங்கயாவது கம்மி விலைக்குக் கிடைச்சிருக்கலாம். ஆனா அந்தப் பெட்டி போயிருந்தா, இன்னைக்கு அது எங்க பறக்குதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

நம்மள மாதிரி சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இன்னொரு விஷயம். அந்தப் பொது அனுமதி டிரோனுக்கு மட்டும்தான். சாஃப்ட்வேரும் தொழில்நுட்பமும் அதுல சேராது. ஏற்றுமதின்னா பெட்டி கப்பல் ஏறணும்னு அவசியம் இல்லை. கட்டுப்பாட்டுக்குள்ள வர்ற டிசைன் ஃபைலை மெயில்ல அனுப்பினாலும் ஏற்றுமதிதான். ஆர்டுபைலட், பீட்டாஃப்ளைட் மாதிரி எல்லாருக்கும் திறந்து கிடைக்கிற கோடு விஷயத்துல பயப்பட வேண்டாம், பொதுவெளியில இருக்கிற தகவலுக்கு விலக்கு இருக்கு. ஆனா ஒரு கிளையன்டுக்காக மட்டும் தனியா எழுதின கோடுன்னா, அனுப்பறதுக்கு முன்னாடி பட்டியலை ஒரு தடவை பாருங்க.

அப்போ என்ன பண்ணணும்? விக்கறதா இருந்தா ஐஈசி எண் எடுங்க, அது ஆன்லைன்லயே முடிஞ்சிடும். உங்க டிரோனோட உண்மையான தூரத்தையும் எடையையும் எழுதி வெச்சுக்கோங்க. தெர்மல் கேமரா, மருந்து தெளிக்கிற டேங்க் மாதிரி ஏதாவது மாட்டினா திரும்பவும் பட்டியலைப் பாருங்க. ஒரு பாகம் மாறினாலே பிரிவு மாறலாம். சேரப்போற நாட்டோட விதியையும் பாருங்க. "டாய்"னு மட்டும் டிக்ளரேஷன்ல எழுதாதீங்க. அது பொய் டிக்ளரேஷன், மாட்டினா கையெழுத்து உங்களோடது.

எல்லாத்துக்கும் முன்னாடி, விலை பேசறதுக்கு முன்னாடியே, "யாருக்கு, எதுக்கு"ன்னு கேளுங்க. நியாயமா வாங்கறவங்க இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க.

ரூம்மேட் இப்போ ஐஈசி எடுத்துட்டான். அந்தப் பெட்டி இன்னும் எங்க அலமாரி மேலதான் இருக்கு.