சத்தம் போடாத பிள்ளை
(சங்கக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் செவிலியர் பேசியது)

விபத்துப் பிரிவுப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது இதுதான்: அடிபட்ட இரண்டு பிள்ளைகள் வந்தால், கத்தி அழுகிற பிள்ளைக்கு மூச்சு ஓடுகிறது, சத்தமில்லாமல் துவண்டு கிடக்கிற பிள்ளையிடம் முதலில் ஓடு.

10 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 800 மில்லிதான். அதில் கால் பங்கு போனாலும் பி.பி. சரியாகவே காட்டலாம். ஆனால் நாடி வேகமாகத் துடிக்கும், கை கால் சில்லிட்டுவிடும். விரல் நுனியை அழுத்தி விட்டால், 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். இவற்றைப் பார்க்கத்தான் எங்களுக்குப் பயிற்சி. மருந்தின் அளவும் எடையைப் பொறுத்தது. உங்கள் பிள்ளையின் எடையைத் தெரிந்து வைத்திருங்கள்.

ஜி.எஸ்.டி. ரோட்டிலோ நம் மாடிப்படியிலோ அடிபட்டால், கழுத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தென்றால் பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள். 2021 டிசம்பரில் நம் பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, வரையறுத்த தொகை வரை, அரசே பணம் கட்டுகிறது.

கடைசியாக ஒன்று. வீட்டில் திட்டுவார்களே என்று பயந்து, பிள்ளை விழுந்த நேரத்தை மாற்றிச் சொல்லாதீர்கள். எங்கள் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது.