தினமும் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்ன டயர் போடுவது?

(நம் நலச் சங்கத்தின் அக்டோபர் 2025 காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டி, குப்பை வண்டி எல்லாம் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். எனக்குப் பதினைந்து நிமிடம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஒரு டயர் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் என்பது மட்டுமே என்னுடைய தகுதி. எந்தக் கம்பெனிக்காகவும் பேசவில்லை.

நம் பேஸ்மெண்டில் இப்போது நான்கு வேகமான கார்கள் நிற்கின்றன. ஒன்று உண்மையிலேயே இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். மற்ற மூன்றும் டர்போ இன்ஜின் வைத்தவை, பார்க்க சாது, மிதித்தால் பறக்கும். பிஒய் நம்பர் போட்ட பெரிய கார்களை இந்தியா முழுக்கப் பார்க்கலாம். வரி குறைவு என்று இங்கே பதிவு செய்து வெளியூரில் ஓட்டுவார்கள். 2017-இல் கேரளத்தில் அது பெரிய விவகாரமே ஆனது. அந்தக் கார்களில் பல நம் மண்ணாடிப்பட்டு கொம்யூன் ரோட்டைப் பார்த்ததே இல்லை. நம்முடைய நான்கும் அப்படி இல்லை. தினமும் புதுச்சேரி போய் வருகின்றன. போக வர 45 கிலோமீட்டர் என்று வையுங்கள், வருடத்துக்கு 300 நாள் என்றால் 13,500 கிலோமீட்டர்.

நான் இதைப் பேச ஒப்புக்கொண்டதற்குக் காரணம் என் மருமகன் வண்டி. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு பழைய வண்டியாக ஒரு டர்போ செடான் வாங்கினார். கம்பெனி போட்டுத் தந்த அளவு 205/55 ஆர்16. முதல் உரிமையாளர் அழகுக்காக 18 அங்குல அலாய் மாற்றி 225/40 ஆர்18 போட்டிருந்தார். பார்ப்பதற்கு ஜோராக இருந்தது. முதல் வருடத்திலேயே இரண்டு டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்கிவிட்டது. ஒன்று திருக்கனூர் ரோட்டில் பெயின்ட் அடிக்காத வேகத்தடையில், இன்னொன்று தண்ணீர் நின்ற ஒரு குழியில். அந்த அளவில் புது டயர் சட்டென்று கிடைக்கவில்லை. ஒரு கடையில் "பட்டன் அப்படியே இருக்கு சார், ஓடவே இல்லை" என்று இரண்டு டயர் கொடுத்தார்கள். விலையும் குறைவு. அதைப் பின்னால் மாட்டினார்.

போன வருடம் அக்டோபரில் ஒரு மாலை, கண்டமங்கலம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். நான் முன் சீட்டில், பின்னால் என் மகளும் நான்கு வயதுப் பேரனும். அரை மணி நேரம் முன்பு பெய்த மழை. வயலில் இருந்து ஏறிய டிராக்டர் சேற்றை ரோட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. முன்னால் போன லோடு வண்டி நின்றதும் மருமகன் பிரேக் போட்டார். வேகம் எழுபதுக்குள்தான். வண்டியின் பின்பக்கம் எங்களை முந்திக்கொண்டு வரப் பார்த்தது. அரை வட்டம் சுற்றி, எதிர்த்த பக்கம் பார்த்தபடி ஓர மண்ணில் நின்றோம். பின்னால் பஸ் வராதது எங்கள் அதிர்ஷ்டம். பேரன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் டயரில் பட்டன் ஏழு மில்லிமீட்டர் இருந்தது. ஆனால் தயாரிப்பு எண் 2317. அதாவது 2017-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஏழு வருடம் கோடவுனில் காய்ந்த ரப்பர். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. டயரிலேயே பிழைத்த நான் அதைப் பார்க்காமல் விட்டதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இனி விஷயம். நான்கு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும், நிற்பதும் அவற்றால்தான். காய்ந்த ரோட்டில் சுமாரான டயரும் ஓரளவு நிற்கும். வித்தியாசம் தெரிவது ஈரத்தில்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஈர ரோட்டில் ஒரு டயரின் பிடிமானம் 0.8, இன்னொன்றுக்கு 0.5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் வண்டி 31 மீட்டரில் நிற்கும், இரண்டாவதுக்கு 50 மீட்டர் வேண்டும். முதல் வண்டி நின்ற இடத்தை இரண்டாவது வண்டி கிட்டத்தட்ட 49 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். அந்த இடத்தில் ஒரு மாட்டு வண்டி நின்றால் என்ன ஆகும்? செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு சந்தை நாளில் காலையில் போய்ப் பாருங்கள்.

அதனால் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் வாங்கும்போது "எவ்வளவு வேகம் தாங்கும்" என்பது என் முதல் கேள்வி இல்லை. ஈரத்தில் எப்படி நிற்கும் என்றுதான் முதலில் கேட்பேன். நம் ஊருக்கு வடகிழக்குப் பருவமழை பெரிய மழை. போன வருடம் நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அன்றைக்கு யாரும் வண்டி எடுக்கவில்லை, அது வேறு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நாற்பது நாள் எடுத்தோம் இல்லையா?

தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயர் மிதப்பதைப் பற்றி நாசாவில் வால்டர் ஹோர்ன் என்பவர் 1960-களில் விமான டயர்களை வைத்து ஆராய்ந்தார். பட்டனால் வெளியேற்ற முடியாத அளவு தண்ணீர் இருந்தால், டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்து ஒரு வேகத்தில் டயர் தரையை விட்டு எழும்பும். காருக்கு அதை ஒரு தோராயமாக எடுத்துக்கொள்ளலாம். 33 காற்று இருந்தால் சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 25 ஆக இறங்கியிருந்தால் 83-லேயே மிதக்கும். மாதம் ஒரு முறை காற்று பார்க்காததற்கு நாம் கொடுக்கும் விலை அது. அகலமான டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கும். "அகலமாகப் போட்டால் பிடிமானம் அதிகம்" என்பது காய்ந்த ரோட்டுப் பேச்சு.

அடுத்தது பக்கவாட்டு உயரம். 205/55 ஆர்16 என்றால் அகலம் 205 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கவாட்டு உயரம், அதாவது 113 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டால் 101. 225/40 ஆர்18 போட்டால் 90. மூன்றுக்கும் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் ஸ்பீடோமீட்டர் ஒன்றும் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் குழிக்கும் நடுவே இருந்த ரப்பரில் ஒரு விரல் அகலத்துக்கு மேல் போய்விட்டது. குழியில் விழும்போது பக்கவாட்டுச் சுவர் ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே நசுங்கி உள்ளே இருக்கும் நூல் அறுகிறது. வெளியே தெரிவது அந்த வீக்கம். அதை எந்த பஞ்சர் கடையும் சரிசெய்ய முடியாது. செய்து தருகிறேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

விழுப்புரம் போகும் நால்வழிச் சாலையில் 18 அங்குலம் சுகம்தான். அதை விட்டு நம் உள்ரோடுகளில் இறங்கியதும் கதை வேறு. மருமகன் 18-ஐ விற்றுவிட்டு 16 அங்குலத்துக்கே திரும்பினார். முதலில் முகம் வாடியது. இப்போது வண்டி சத்தமும் குறைந்துவிட்டது என்று அவரே சொல்கிறார். இதைச் செய்யும் முன் ஒன்று பார்க்க வேண்டும்: அந்த வண்டிக்குக் கம்பெனியே 16 கொடுத்தது. உங்கள் வண்டி 18-உடனேயே வந்திருந்தால் பிரேக் பெரிதாக இருக்கும், சின்ன ரிம் உள்ளே நுழையாது. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்தெந்த அளவு போடலாம், எவ்வளவு காற்று என்று இருக்கும். கடைக்காரரைக் கேட்கும் முன் அதைப் படியுங்கள்.

அளவுக்குப் பின்னால் 91வி என்று இருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் வரை. "நான் நூறுக்கு மேல் போவதில்லை, எச் போதாதா?" என்று கேட்பார்கள். அந்த எழுத்து சூட்டைத் தாங்கும் திறனையும் உள்கட்டமைப்பையும் சேர்த்துச் சொல்வது. கம்பெனி சொன்னதற்குக் கீழே இறங்காதீர்கள்.

பல டயர்களில் ட்ரெட்வேர் என்று ஒரு எண் இருக்கும். 500, 600 என்றால் நீண்ட நாள் ஓடும் கடினமான ரப்பர். 300 பக்கம் என்றால் மென்மை, நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கம்பெனிக்குக் கம்பெனி இதை அப்படியே ஒப்பிட முடியாது, ஆனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட உதவும். பக்கத்திலேயே ட்ராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி இருக்கும். அது ஈரத்தில் நேராக பிரேக் போட்டுப் பார்த்த மதிப்பெண். ஏ-க்குக் கீழே நான் வாங்க மாட்டேன். அந்த இரண்டு கதவு வண்டிக்கு மிச்செலின் பைலட் ஸ்போர்ட், குட்இயர் ஈகிள் எஃப்1 வகையறாதான் சரி, அதில் கஞ்சத்தனம் பார்க்க இடமில்லை. டர்போ கார்களுக்கு அவ்வளவு வேண்டாம், நடுத்தரமான ஸ்போர்ட்ஸ் டயர் போதும். ரேஸ் டிராக்குக்கென்று பட்டன் குறைவாக வரும் டயரை இருங்காட்டுக்கோட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்து "ஆல் சீசன்" தேடவும் வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழே குளிர் வரும் ஊருக்கு அந்தக் கவலை.

கிடைப்பது பற்றி. 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து பெரிய அளவுகளுக்கு அலைய வேண்டியிருக்கிறது, பழைய சரக்கைத் தலையில் கட்டுவதும் அதனால்தான் எளிது. நல்ல செய்தி, போன செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. பில்லில் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் நான்கு டயரின் நான்கு இலக்கத் தேதியையும் நீங்களே குனிந்து படியுங்கள். ஆறு மாதத்துக்குள் இருந்தால் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டயரை ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை நிபுணரிடம் காட்டச் சொல்கிறது மிச்செலின். பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றச் சொல்கிறது. நம் வெயிலுக்கு நான் ஆறோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இரண்டு டயர்தான் மாற்றப் பணம் இருக்கிறது என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள், முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும். முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் கண்டமங்கலத்தில் எங்களுக்கு ஆனதுதான். நாங்களும் "புதுசு" என்று நினைத்துத்தான் பின்னால் போட்டோம், அது புதுசாக இல்லை.

நைட்ரஜன் போடலாமா என்று ஏ பிளாக் அக்கா கேட்டார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கெடுதல் இல்லை. ஆனால் நைட்ரஜன் போட்டோமே என்று மூன்று மாதம் பார்க்காமல் விடுவதை விட, சாதாரணக் காற்றை மாதா மாதம் பார்ப்பது மேல். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். வில்லியனூர் வரை ஓட்டிப் போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று கூடுதலாகக் காட்டும்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆழம் அளக்கும் கேஜும் காற்று கேஜும் எடுத்துக்கொண்டு பேஸ்மெண்டுக்கு வருகிறேன். பட்டன் பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டரில் சின்ன மேடு வைத்திருப்பார்கள். அது சட்டத்துக்கு. மழைக்கு மூன்றாவது வேண்டும் என்பது என் கணக்கு. சி பிளாக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்கூட்டர், ஆல்டோ எதுவானாலும் பார்க்கலாம். ஸ்டெப்னி இருக்கும் டிக்கியை மட்டும் காலி செய்து வையுங்கள், போன தடவை மாதிரி தீபாவளிப் பாத்திரங்களை நான் இறக்கி வைக்க முடியாது.