நாட்டுக்கோழியும் பண்ணைக்கோழியும்



உல்லாஸ்நகரிலும் செம்பூரிலும் தாராவியிலும் இறைச்சி வாங்கும் தமிழ்க் குடும்பத்தார் ‘காவ்ரான்’ என்னும் மராத்திச் சொல்லை நன்கு அறிவர். நாம் நாட்டுக்கோழி என்பதையே இம்மாநிலத்தார் அவ்வாறு வழங்குகின்றனர். அதற்குப் பண்ணைக்கோழியினும் மிகுதியான விலை கொடுக்கிறோம். அவ்விலைக்கு உரிய வேற்றுமை யாது என்பதை ஆராய்வோம்.

முதலாவது வேற்றுமை வயது. பிராய்லர் எனப்படும் பண்ணைக்கோழி, மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனத்தை உண்டு, கொட்டகைக்குள்ளேயே வளர்ந்து, சுமார் 6 வாரங்களில் 2 கிலோ எடையை எட்டுகிறது. நாட்டுக்கோழியோ ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ எடை பெறவே 5, 6 மாதங்கள் ஆகின்றன. குப்பையைக் கிளறியும், புழுபூச்சிகளைப் பொறுக்கியும் அது ஓடித் திரிவதால் தசை இறுகுகிறது. தசையைப் பிணைக்கும் நாரும் முதிர்கிறது. எனவே அது வேக நேரமாகும், கொழுப்புக் குறைவு, சாற்றின் சுவை மிகுதி. புரதச் சத்திலோ இரண்டிற்கும் பெரும் வேறுபாடு இல்லை.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. அதன் விரைந்த வளர்ச்சி, பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததன் பயனாகும். உண்மையில் அஞ்சத்தக்கது வேறொன்று. நெருக்கமாக வளரும் கோழிகளுக்கு ஆன்டிபயாடிக் மருந்துகளை அளவின்றிக் கொடுத்தால், அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகும். மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்துள்ள மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின். உணவுக்கென வளர்க்கும் பிராணிகளுக்கு அதனைக் கொடுப்பதை இந்திய அரசு 2019ஆம் ஆண்டு ஜூலையில் தடை செய்தது இக்காரணம் பற்றியே.

இனி, வாங்கும்போது கருத வேண்டியது. வண்ண இறகு மட்டும் நாட்டுக்கோழிக்குச் சான்றாகாது. ஐதராபாத்தில் உருவான வனராஜாவும், பெங்களூரில் உருவான கிரிராஜாவும் வண்ணக் கோழிகளே. நாட்டினத்தினும் விரைந்து வளர்பவை. அவற்றைக் கொட்டகையில் அடைத்தும் வளர்க்கலாம். ஆகவே மார்பெலும்பின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். எளிதில் வளைந்தால் குஞ்சுப் பருவம் நீங்காத கோழி. உறுதியாக நின்றால் முதிர்ந்தது. வயதை இது காட்டும். வளர்ந்த விதத்தை விற்பவரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

எக்கோழியாயினும், அரிந்த பலகையையும் கத்தியையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவி, இறைச்சியை நன்கு வேகவைத்து உண்ணுங்கள். நாட்டுக்கோழி கிடைக்காத இல்லத்தாரும் இவ்வொழுங்கைக் கைக்கொண்டால் கிருமிகளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.